இங்கே படம் எடுக்க என்ன இருக்கு?

வடக்கே சின்ன ஊர்களில் வேலை பார்க்கும் நம் ஆட்களில் கேமரா வாங்கியவர்கள் எல்லாரும் ஒரே புலம்பலைத்தான் புலம்புகிறார்கள். "காசியில் இருந்தால் எடுக்கலாம், புஷ்கரில் இருந்தால் எடுக்கலாம். இந்த ஊரில் என்ன இருக்கு? ஒரு ஸ்டேஷன், ஒரு பஜார், ஒரு ரயில்வே காலனி, நாலு மாடு!" நான் இப்போது குப்பை கொட்டிக் கொண்டிருக்கும் ரத்லாமைப் பற்றியும் இதையேதான் சொல்கிறார்கள். மத்தியப் பிரதேசத்தின் மேற்கு ஓரம். டில்லியிலிருந்து மும்பை போகும் ரயில் இந்த வழியாகத்தான் போகும். ஆனால் முக்கால்வாசிப் பேர் தூக்கத்தில் கடந்து போய்விடுவார்கள். தெரிந்தவர்களுக்கு ரத்லாம் என்றால் சேவ். நம்ம ஓமப்பொடிக்கு மிளகும் கிராம்பும் சேர்ந்த வட நாட்டு அண்ணன் என்று வைத்துக் கொள்ளுங்கள். அவ்வளவுதான் புகழ்.

நான் சரித்திரம் படித்தவன் இல்லை. பி.காம். படித்து, வங்கிப் பரீட்சை எழுதி, மூன்று வருஷத்துக்கு ஒரு முறை பெட்டி கட்டுகிற ஜாதி. ஆனால் "இங்கே எடுக்க என்ன இருக்கு?" என்ற கேள்விக்குச் சரித்திரத்தில் நல்ல பதில் இருக்கிறது. அந்தப் பதிலில் பாதி, ரத்லாமைச் சுற்றி இதே ரயில் பாதையில் கிடக்கிறது என்பது இங்கே வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதைத்தான் எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக் கொள்ளுங்கள்.

கோயிலும் கோட்டையும்

1839 ஆகஸ்டில் பாரிஸில் புகைப்படக் கலையின் செய்முறையை உலகத்துக்கு அறிவித்தார்கள். அடுத்த வருஷமே கல்கத்தாவில் கேமரா விற்பனைக்கு விளம்பரம் வந்துவிட்டது. 1854-இல் பம்பாயிலும், 1856-இல் கல்கத்தாவிலும் சென்னையிலும் புகைப்படச் சங்கங்கள் தொடங்கின. உலகத்தோடு ஒப்பிட்டால் நாம் கொஞ்சமும் பின்தங்கவில்லை.

ஆனால் எதைப் படம் எடுத்தார்கள் என்று பாருங்கள். சென்னை மாகாணத்தின் அரசுப் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் 1858-இல் ஸ்ரீரங்கம், தஞ்சாவூர், மதுரை என்று சுற்றினார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டி, கிட்டத்தட்ட 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். இன்றைக்கும் பார்த்தால் பிரமிப்பாக இருக்கும். ஆனால் அவருடைய படங்களில் ஆள் நடமாட்டம் அபூர்வம். காரணம் எளிது. அந்தக் காலத்துக் காகித நெகடிவுக்கு வெளிச்சம் பதிய நேரம் பிடிக்கும். கல் அசையாமல் நிற்கும், அதனால் பதியும். பூ விற்கிறவள் நகர்ந்து கொண்டே இருப்பாள், அதனால் பதிய மாட்டாள். தெரு காலியாக இருந்தது என்று அர்த்தமில்லை. கேமராவுக்கு அது தெரியவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்து ஊரான இந்தூரிலும் ஒரு மேதை இருந்தார். லாலா தீன்தயாள் (1844–1905). ரூர்க்கியில் பொறியியல் படித்துவிட்டு இந்தூரில் பொதுப்பணித் துறை வேலைக்கு வந்தவர், எழுபதுகளில் கேமராவைக் கையில் எடுத்தார் (1870களைச் சொல்கிறேன்!). பிற்காலத்தில் ஹைதராபாத் நிஜாமின் அரசவைப் புகைப்படக்காரராகி 'ராஜா' பட்டமும் வாங்கினார். 1886-இல் வெளிவந்த மத்திய இந்தியாவின் புகழ்பெற்ற சின்னங்கள் பற்றிய புத்தகத்துக்குப் படங்கள் இவருடையவை. கோட்டை, அரண்மனை, மகாராஜா, புலி வேட்டை, வைஸ்ராய் வருகை. கூப்பிட்டவர்களும் காசு கொடுத்தவர்களும் அவர்கள்தான், அவர்களைத்தான் எடுக்க முடியும். இந்தூர் பஜாரில் அன்று காய்கறி விற்றவருக்குப் படம் தேவைப்படவில்லை, அவருடைய படம் வேறு யாருக்கும் தேவைப்படவும் இல்லை.

என் மேஜையில் இருக்கும் படங்கள்

சாதாரண மனிதர்களை எடுக்கவே இல்லையா என்றால், எடுத்தார்கள். ஆனால் வேறு காரியத்துக்காக. 1857 கலகத்துக்குப் பிறகு ஆங்கிலேயருக்குத் தாங்கள் ஆளும் ஜனங்கள் யார் யார் என்று தெரிந்து கொள்ள வேண்டியிருந்தது. 1868 முதல் 1875 வரை 'இந்தியாவின் மக்கள்' என்ற பொருள்படும் தலைப்பில் எட்டுத் தொகுதிகள் வெளியிட்டார்கள். மொத்தம் 468 படங்கள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஜாதி, குலம், தொழில், குணம். இந்தக் கூட்டம் விசுவாசமானது, அந்தக் கூட்டம் திருட்டுக் கூட்டம் என்கிற ரீதியில் குறிப்புகள். மனிதனைப் பார்த்து எடுத்த படம் என்று இதைச் சொல்ல முடியாது. இன்ன வகையைச் சேர்ந்தவன் என்று ஒரு சாம்பிளுக்காக எடுத்த படம்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் சங்கடமும் வந்தது. ஏனென்றால் இந்த வம்சத்துப் படங்கள்தான் தினமும் என் மேஜைக்கு வருகின்றன. பாஸ்போர்ட் சைஸ்! புதிதாகக் கணக்கு தொடங்குகிறவர்களின் புகைப்படத்தை வங்கி வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் விதி 1994 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்குச் சற்று முன்னால், 1993-இல், டி.என். சேஷன் வாக்காளர் புகைப்பட அடையாள அட்டையைக் கொண்டு வந்தார். அதுவரை கல்யாணத்துக்கு மட்டும் படம் எடுத்துக் கொண்ட ஜனங்கள் எல்லாரும் ஸ்டூடியோ ஸ்டூலில் உட்கார்ந்து நேராகப் பார்த்தார்கள்.

நான் தினமும் பார்க்கும் அந்தப் படங்களில் மனிதன் இருக்கிறான், ஆனால் ஊர் இல்லை. பின்னால் ஒரு நீலத் துணி. பூண்டு வியாபாரியும், ரயில்வே கலாசியும், பள்ளிக்கூட டீச்சரும் ஒரே நீலத் துணிக்கு முன்னால் ஒரே மாதிரி முறைக்கிறார்கள். டிரைப் எடுத்த படத்தில் ஊர் இருந்தது, மனிதன் இல்லை. என் மேஜைப் படத்தில் மனிதன் இருக்கிறான், ஊர் இல்லை. இரண்டும் சேர்ந்து ஒரே சட்டத்துக்குள் வருவதுதான் தெருப்புகைப்படம். அது நம் நாட்டுக்கு வந்து சேர இன்னும் கொஞ்சம் காலம் ஆனது.

சட்டைப்பை கேமரா

1900-இல் கோடாக் கம்பெனி ஒரு டாலருக்கு 'பிரௌனி' பெட்டிக் கேமராவை விற்றது. 1925-இல் ஜெர்மனியில் லைக்கா விற்பனைக்கு வந்தது. உள்ளங்கை அளவு, 35 மி.மீ. சினிமா ஃபிலிம், ஒரு சுருளில் 36 படம். முக்காலி வேண்டாம், கறுப்புத் துணியைத் தலையில் போர்த்த வேண்டாம். நடந்து கொண்டே எடுக்கலாம். நகர்கிறவர்களும் பதிவார்கள்.

அந்தச் சின்னக் கேமராவோடு 1947 கடைசியில் இந்தியா வந்தவர் பிரான்ஸ் நாட்டு ஹென்றி கார்ட்டியே-பிரஸ்ஸோன். 1948 ஜனவரி 30 அன்று காந்திஜியைச் சந்தித்துவிட்டு வெளியே வந்த சிறிது நேரத்தில் அவர் சுடப்பட்டார். அந்தத் துக்கத்தை இவர் எடுத்த படங்கள் உலகம் முழுக்கப் போயின. நம் ஊர் சங்கதி ஒன்றும் உண்டு. 1950 ஏப்ரல் 14 அன்று ரமண மகரிஷி மறைந்தபோது இவர் திருவண்ணாமலையில்தான் இருந்தார்.

ஆனால் இவர் வந்து போனவர். பெரிய நிகழ்ச்சி நடக்கும் இடத்தில் இருக்கும் அதிர்ஷ்டம் அவருக்கு இருந்தது. நம் கேள்வி வேறு. ஒன்றுமே நடக்காத ஊரில் இருக்கிறவன் என்ன செய்வது? அதற்குப் பதில் சொன்னவர்கள், வந்து போனவர்கள் இல்லை. தங்கியவர்களும் திரும்பத் திரும்ப வந்தவர்களும்தான். மூன்று பேரைச் சொல்கிறேன்.

மைசூர்: ஒரு மால்குடிக்காரர்

டி.எஸ். சத்யன், 1923-இல் மைசூரில் பிறந்தவர். அவர் படித்து வளர்ந்த காலத்து மைசூரில்தான் ஆர்.கே. நாராயணும் அவர் தம்பி ஆர்.கே. லக்ஷ்மணும் இருந்தார்கள். மூவரும் நண்பர்கள். நாராயண் தினமும் தெருத் தெருவாக நடப்பவர், கடைக்காரரிடம் நின்று பேசுபவர். 'சுவாமியும் நண்பர்களும்' 1935-இல் வெளிவந்தது. அதில் என்ன பெரிய சம்பவம் நடக்கிறது? பள்ளிக்கூடம், கிரிக்கெட், பாட்டி, ஒரு ரயில்வே ஸ்டேஷன். லண்டனில் அச்சாகி உலகமே படித்தது.

நாராயண் பேனாவால் செய்ததைச் சத்யன் கேமராவால் செய்தார் என்று சொன்னால் மிகையில்லை. பத்திரிகைப் புகைப்படக்காரர் என்றால் மந்திரி பின்னால் ஓட வேண்டும் என்று இருந்த காலத்தில், இவர் பெயர் வாங்கியது குழந்தைகளையும் சாதாரண ஜனங்களின் அன்றாட வாழ்க்கையையும் எடுத்துத்தான். உலக சுகாதார நிறுவனத்துக்காகப் பெரியம்மை ஒழிப்பு வேலையைக் கிராமம் கிராமமாகப் போய்ப் படமெடுத்தார். 1979, சர்வதேசக் குழந்தைகள் ஆண்டில், இவர் எடுத்த குழந்தைகள் படங்கள் நியூயார்க்கில் ஐ.நா. தலைமையகத்தில் கண்காட்சியாக வைக்கப்பட்டன. 1977-இல் பத்மஸ்ரீ. பல ஊர் சுற்றிவிட்டு மைசூருக்கே திரும்பி, 2009 டிசம்பரில் அங்கேயே காலமானார்.

மைசூரில் அரண்மனை இருக்கிறதே, அது சின்ன ஊரா என்று நீங்கள் கேட்கலாம். அரண்மனையை எடுக்க ஆயிரம் பேர் இருந்தார்கள். சத்யன் பெயர் சொல்ல அரண்மனை தேவைப்படவில்லை என்பதுதான் விஷயம்.

பரோடா: சுவரும் வாசலும்

ரத்லாமிலிருந்து மும்பைப் பக்கம் ரயில் ஏறினால் வரும் பெரிய ஸ்டேஷன் வதோதரா, பழைய பரோடா. அங்கே பல்கலைக்கழகத்தில் ஓவியமும் அச்சுக்கலையும் படித்து, பிறகு அங்கேயே ஆசிரியராக இருந்தவர் ஜோதி பட் (பிறப்பு 1934, பாவ்நகர்). ஆண்தான், பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம் :-)

1967-இல் ஒரு கருத்தரங்குக்காக குஜராத் நாட்டுப்புறக் கலைகளைப் படமெடுத்துத் தரும்படி இவரிடம் கேட்டார்கள். ஒரு தடவை போய்விட்டு வரலாம் என்ற வேலை, பல பத்து வருஷம் நீண்டது. மண் சுவரில் பெண்கள் வரைகிற சித்திரம், ராஜஸ்தான் வாசல்களில் இடுகிற மாண்டனா, சோட்டா உதய்பூர் பக்கம் ராட்வா ஆதிவாசிகள் வீட்டுச் சுவரில் வரையும் பிதோரா குதிரைகள், கையிலும் கழுத்திலும் குத்திய பச்சை. எல்லாமே ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு இருந்தவை. வரைந்தவர்களுக்கு அது ஒரு விசேஷமே இல்லை. தீபாவளிக்கு மெழுகி, வரைந்து, அடுத்த வருஷம் மேலேயே மெழுகிவிடுவார்கள். நம் அம்மா காலையில் போட்ட கோலம் மத்தியானம் சைக்கிள் சக்கரத்தில் போய்விடுகிற மாதிரி.

ஜோதி பட் படங்களில் முக்கியமானது, சித்திரத்தோடு அதை வரைந்த பெண்ணும், பக்கத்தில் நிற்கும் குழந்தையும், கட்டிலும், பானையும் சேர்ந்தே இருக்கும். மியூசியத்துக்கு எடுத்த படம் மாதிரி சுவரை மட்டும் வெட்டி எடுக்க மாட்டார். பிற்பாடு மண் சுவர் போய் சிமென்ட் சுவர் வந்தது. சிமென்ட் சுவரில் சாணி மெழுக முடியாது, மெழுகாத சுவரில் அந்தச் சித்திரம் நிற்காது. சிமென்ட் வந்தது நல்லதுதான், மழைக்கு ஒழுகாத வீடு யாருக்கு வேண்டாம்? ஆனால் அந்தச் சுவர்களில் பலவற்றை இன்று பார்க்க வேண்டுமென்றால் இவர் படத்தில்தான் பார்க்க வேண்டும். 2019-இல் இவருக்கும் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

நாக்தா: ஸ்டூடியோவுக்கு நடந்து வந்த தெரு

மூன்றாவது ஆள் எனக்கு இன்னும் பக்கம். ரத்லாமிலிருந்து டில்லிப் பக்கம் ரயில் ஏறினால் அடுத்த பெரிய ஜங்ஷன் நாக்தா. சம்பல் ஆற்றங்கரை. பிர்லாக்களின் செயற்கை இழை ஆலை 1950களில் வந்த பிறகு ஊரான ஊர். நாக்தாவைப் பார்க்க வேண்டும் என்று டிக்கெட் எடுத்து வந்தவர் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.

அந்த ஊர் பஜாரில் சுரேஷ் பஞ்சாபி என்பவர் 'சுஹாக் ஸ்டூடியோ' என்று ஒரு கடை வைத்திருந்தார். 1970களின் கடைசியிலிருந்து ஊர் ஜனங்கள் அங்கே வந்தார்கள். ஆலைத் தொழிலாளி, சுற்றுவட்டாரத்து விவசாயி, புது மணமக்கள், நண்பர்கள் ஜோடியாக. 1980களில் நாக்தா பக்கத்துக் கிராமத்தில் தங்கி ஆராய்ச்சி செய்ய வந்த லண்டன் பல்கலைக்கழக மானிடவியலாளர் கிறிஸ்டோபர் பின்னி இந்தப் படங்களைக் கவனித்தார். 2013-இல் அந்த ஸ்டூடியோ படங்கள் ஒரு புத்தகமாகவே வந்தன. வெளியிட்டது யார் தெரியுமா? சென்னையின் தாரா புக்ஸ்! மால்வா பஜாரில் ஒரு ஸ்டூடியோக்காரர் வயிற்றுப் பிழைப்புக்கு எடுத்த படங்கள், திருவான்மியூர் வழியாக உலகத்துக்குப் போயின.

பின்னி சொல்லும் ஒரு சங்கதி, தெருவில் படம் எடுக்க ஆசைப்படுகிற எல்லாரும் தெரிந்து கொள்ள வேண்டியது. அவர் கிராமத்து அண்டை வீட்டாரைத் தன் ரசனைப்படி எடுத்தார். பாதி உடம்பு, பாதி நிழல், யதார்த்தமாக, எதிர்பாராத நேரத்தில். மேல்நாட்டில் பாராட்டுவார்கள். ஆனால் கிராமத்தார் அதைப் பார்த்து முகம் சுளித்தார்கள். ஏன் கால் இல்லை? ஏன் முகத்தில் இருட்டு? அவர்களுக்கு முழு உடம்பும் தெரிய வேண்டும், நேராக நிற்க வேண்டும், வெளிச்சம் சீராக இருக்க வேண்டும். படத்தில் தான் இருப்பதைவிட ஒரு படி மேலாக வர வேண்டும். சுரேஷ் பஞ்சாபியிடம் அவர்கள் போனது அதற்குத்தான்.

இது என் கண்ணெதிரிலேயே நடந்திருக்கிறது. எங்கள் காலனியில் ரயில்வேயில் வேலை பார்க்கும் ஒரு தமிழ்க் குடும்பம். அவர்கள் பெண் காலேஜ் போகிறாள், புதுக் கேமரா. "இங்க எடுக்கறதுக்கு என்ன மாமா இருக்கு?" என்றாள். சேவ் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பெரிய இருப்புச் சட்டி, பெரிய ஜல்லிக் கரண்டி, அதில் மாவைத் தேய்க்கத் தேய்க்க எண்ணெயில் மஞ்சள் மழையாக விழும், ஆவிக்கு நடுவில் மாஸ்டர் முகம். அவளுக்கு ஒரே குஷி, நாற்பது ஐம்பது எடுத்துத் தள்ளினாள். கடை முதலாளி பொறுமையாகப் பார்த்துவிட்டு, "பேட்டி, இப்போது சரியான படம் எடு" என்றார். தலையை வாரிக்கொண்டு, தராசுக்குப் பக்கத்தில் விறைப்பாக நின்றார். மாஸ்டரையும் கூப்பிட்டுச் சட்டை போட்டுக்கொண்டு வரச் சொன்னார். அவள் எடுத்தாள், ஆனால் திரும்பி வரும்போது, "மாமா, அது போஸ் குடுத்த படம், ஸ்ட்ரீட் போட்டோ கிடையாது" என்றாள்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆவிப் படம் அவள் பார்த்த கடை. தராசுப் படம் அவர்கள் பார்க்கிற கடை. இரண்டும் வேண்டும். முதல் படம் மட்டும் போதும் என்று நினைக்கும்போதுதான், நாமும் அந்த எட்டுத் தொகுதி ஆட்கள் மாதிரி, எதிரில் நிற்பவரைச் சாம்பிளாகப் பார்க்க ஆரம்பிக்கிறோம். வெளியூரிலிருந்து வந்து கேமராவைத் தூக்குகிற நமக்கு இந்த ஆபத்து உள்ளூர்க்காரனைவிட அதிகம். இரண்டு படத்தையும் பிரிண்ட் போட்டுக் கொண்டு போய்க் கொடு என்றேன். கொடுத்தாள். தராசுப் படத்துக்குச் சட்டம் போட்டு, லக்ஷ்மி படத்துக்குக் கீழே மாட்டியிருக்கிறார்கள். ஆவிப் படம் எங்கே என்று நான் கேட்கவில்லை.

செலவு கணக்கு

காமர்ஸ் படித்தவன் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஃபிலிம் காலத்தில் சாதாரணத் தெருவை யாரும் எடுக்காததற்கு நியாயம் இருந்தது. ஒரு சுருளில் 36 படம். ஃபிலிமுக்குக் காசு, கழுவக் காசு, பிரிண்டுக்குக் காசு. அதனால் கல்யாணம், காதுகுத்து, தாஜ்மகால் முன்னால் குடும்பத்தோடு ஒன்று. வீட்டு வாசல் பொட்டிக்கடைக்கு எதற்கு ஒரு படத்தை வீணாக்குவது?

இன்று போனில் இன்னொரு படம் எடுக்க ஆகும் செலவு பூஜ்யம். பாடப்புத்தகப்படி, செலவு பூஜ்யமானால் எல்லாவற்றையும் எடுத்திருக்க வேண்டும். ஆனால் நம் குடும்ப போன்களைத் திறந்து பாருங்கள். ஆயிரக்கணக்கில் படம் இருக்கும். பிறந்தநாள் கேக், ஓட்டல் தட்டு, சுற்றுலா, செல்ஃபி. தினமும் பிள்ளை பஸ்ஸுக்கு நிற்கும் முக்கு இருக்காது. அப்படியானால் தடுத்தது காசு மட்டும் இல்லை. 'விசேஷம் என்றால் படம்' என்கிற பழக்கம். டிரைப் காலத்திலிருந்து வருகிற பழக்கம்.

அதனால் என்ன நஷ்டம் என்று கேட்டால், இரண்டு உதாரணம் தருகிறேன்.

ரத்லாமில் ஒரு காலத்தில் மீட்டர் கேஜ் பாதை இருந்தது. ஒரே ஸ்டேஷனில் இந்தப் பக்கம் பெரிய ரயில், அந்தப் பக்கம் சின்ன ரயில். அகலப்பாதையாக மாற்றிய பிறகு இங்கே சின்ன ரயில் இல்லை. எஞ்சினைப் படம் எடுத்தவர்கள் உண்டு, ரயில் பைத்தியங்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஆனால் அதில் தினமும் ஏறி இறங்கிய பால்காரர்களை, கூடையோடு உட்கார்ந்த பெண்களை எடுத்தவர்கள் எத்தனை பேர்?

இன்னொன்று டில்லி. நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக இருந்த அரசுக் குடியிருப்புகள் சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர் உட்பட ஏழு காலனிகளைப் புதுப்பித்துக் கட்ட 2016 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. பழைய குவார்ட்டர்ஸ்களை இடிக்கத் தொடங்கினார்கள். மரம் வெட்டுவதை எதிர்த்து 2018-இல் ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள், விஷயம் கோர்ட்டுக்குப் போனது. அந்தக் காலனிகளில் வளர்ந்த என் வங்கி நண்பர்கள் சிலர் உண்டு. அவர்கள் வீட்டு ஆல்பங்களில் குதுப் மினார் இருக்கிறது, இந்தியா கேட் இருக்கிறது, உள்ளே நவராத்திரிக் கொலு இருக்கிறது. கொலுவுக்கு வந்தவர்கள் நடந்து வந்த அந்தச் சந்தும், வேப்ப மரமும், மதர் டெய்ரி பூத்தும் இல்லை. ஒருவருடைய ஆல்பத்தில் மட்டும், தங்கை சைக்கிள் ஓட்டப் பழகும் படத்தின் பின்னணியில், தெரு பாதி தெரிகிறது. இப்போது வீட்டில் எல்லாரும் தங்கையை விட்டுவிட்டு அந்தப் பின்னணியைத்தான் பெரிது பண்ணிப் பார்க்கிறார்களாம்!

நம் பிள்ளைகளின் சங்கடமும் இதில்தான் இருக்கிறது. சொந்த ஊர் எது என்று கேட்டால், வருஷத்தில் பதினைந்து நாள் போகிற கும்பகோணத்தையோ அம்பாசமுத்திரத்தையோ சொல்கிறார்கள். நல்லதுதான், சொல்லட்டும். ஆனால் அவர்கள் விழுந்து முட்டி தேய்த்துக் கொண்டது ரத்லாமில், பிலாயில், கரக்பூரில். கும்பகோணத்தைப் படம் எடுத்து வைக்க அங்கே ஜனங்கள் இருக்கிறார்கள். இந்த ரயில்வே காலனி முக்கில் இருக்கும் சலூனை, அதில் நம் பையன் பலகை மேல் உட்கார்ந்து முடி வெட்டிக் கொண்ட நாற்காலியை, நாம் எடுத்தால்தான் உண்டு. அடுத்த டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்தால் அதுவும் கிடையாது.

எங்கே ஆரம்பிப்பது?

மேலே சொன்ன மூன்று பேரிடமிருந்தும் நான் எடுத்துக் கொண்டதை, வங்கி சர்க்குலர் மாதிரி சுருக்கமாகத் தருகிறேன்.

1. ஒரு தெருவைப் பிடியுங்கள், ஊரைப் பிடிக்க வேண்டாம். வீட்டிலிருந்து பிள்ளையின் பள்ளிக்கூடம் வரை போதும். காலை ஏழு மணிக்கு போஹா-ஜிலேபி வண்டி, பதினோரு மணிக்குப் பூண்டு ஏலம் போகும் மண்டி, மத்தியானம் தூங்கும் ரிக்ஷாக்காரர், சாயங்காலம் டியூஷன் சைக்கிள்கள். ஒரே தெருதான், நாலு ஊர்.

2. திரும்பத் திரும்பப் போங்கள். முதல் தடவை உங்களை எல்லாரும் பார்ப்பார்கள். பத்தாவது தடவை யாரும் பார்க்க மாட்டார்கள். அப்போதுதான் படம் கிடைக்கும். மே மாத வெயிலும் ஜனவரிப் பனியும் ஒரே பொட்டிக்கடையை இரண்டு கடையாக மாற்றிவிடும்.

3. கொஞ்சம் பின்னால் தள்ளி நில்லுங்கள். கடைக்காரரோடு கடையும் வரட்டும், பெயர்ப் பலகை வரட்டும், சுவரில் எழுதிய விளம்பரம் வரட்டும், விலை எழுதிய சிலேட்டு வரட்டும். நாளைக்கு அதுதான் சரித்திரம்.

4. கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அவர்களுக்குப் பிடித்த மாதிரியும் ஒன்று எடுத்து, பிரிண்ட் போட்டுக் கொடுங்கள். பெயரைக் கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள். குழந்தைகள் என்றால் பெற்றவர்களிடம் கேட்காமல் எடுக்கவே வேண்டாம்.

5. தேதி, இடம், யார் என்று எழுதி வையுங்கள். பிரிண்டின் பின்னால் பென்சிலில் எழுதினாலும் சரி, கம்ப்யூட்டரில் ஃபோல்டர் பெயராக வைத்தாலும் சரி. தேதி இல்லாத வவுச்சரை நான் பாஸ் பண்ண மாட்டேன். தேதி இல்லாத படத்துக்கும் அதே கதிதான், முப்பது வருஷம் கழித்து யாருக்கும் உபயோகப்படாது.

விலை உயர்ந்த கேமரா வேண்டும் என்று இந்தப் பட்டியலில் எங்கேயும் இல்லை, கவனித்தீர்களா? லென்ஸ் வாங்க லோன் கேட்டு வருகிறவர்களிடமும் இதையேதான் சொல்கிறேன். வங்கிக்கு நஷ்டம்தான், என்ன செய்ய :-)

அந்தப் பெண் இப்போது ஸ்டேஷன் ரோட்டில் லெவல் கிராஸிங் பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நிற்கிறாள். கேட் மூடியிருக்கும் அந்த ஏழெட்டு நிமிஷம் ஊரே அங்கே வந்து நிற்கிறது, யாரும் எங்கேயும் போக முடியாது, இதைவிட நல்ல ஸ்டூடியோ எங்கே கிடைக்கும் என்கிறாள். அங்கே மேம்பாலம் வரப் போகிறது என்று ஊரில் பேச்சு. வரட்டும், ஆம்புலன்ஸ் நிற்காமல் போகும். அதற்குள் ஒரு வருஷத்துக் காலை நேரம் முழுக்க அவளிடம் தேதி வாரியாக இருக்கும்.

உங்கள் ஊரில் மூடுகிற கேட் எது என்று யோசித்துப் பாருங்கள்.